நாற்பதாவது டொக்

“இந்தக் காதை ஏமாத்தணும்னா, அதுக்குன்னு இனிமே ஒரு ஆள் பொறந்துதான் வரணும்!”

இந்தப் பிரகடனம் போன வருடத் தொடக்கத்தில், பேருந்துப் பணிமனையில், காலை பதினொரு மணித் தேநீருக்குச் சற்று முன்பு வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் தலைமை மெக்கானிக். சாட்சிகள்: ஒரு மேலாளர், ஏழு மெக்கானிக்குகள், வாயைப் பிளந்தபடி மூன்று பேருந்துகள். மேலாளர் அன்றுதான் ஒரு புதுப் பெட்டியை வரவழைத்திருந்தார். அதன் ஒயரை இன்ஜினில் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் எழுதிக் காட்டிவிடுமாம். மெக்கானிக் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார், அதன் தலையில் தன் தேநீர்க் குவளையை வைத்தார், பிறகுதான் மேற்படி வாக்கியத்தைச் சொன்னார். குவளைக்கு அன்றிலிருந்து அதுதான் நிரந்தர இடம்.

வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடவும் முடியாது. முப்பத்தோரு வருடமாக அவர் இன்ஜின் பார்ப்பது ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரால். முனை இன்ஜினில், கைப்பிடி காதில். கண்ணை மூடிக்கொள்வார். ஷெட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “மூணாவது வால்வு” என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான். அதனால் ஷெட்டில் அவருக்கு ‘ஸ்டெத்’ என்று பெயர். மனைவியின் வீட்டுக்கு முதன்முதலில் போனபோதுகூட, மாமனாரை நலம் விசாரிப்பதற்கு முன்பே பிரிட்ஜ் பக்கம் தலையைச் சாய்த்து, “இது இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும்” என்றவர் அவர். ஆறாவது நாள் பிரிட்ஜ் நின்றது. அதற்குப் பிறகு மாமனார் தன் நெஞ்சு மாப்பிள்ளையின் காதுக்கு நேராக வரும்படி உட்கார்ந்ததே இல்லை.

இப்பேர்ப்பட்ட காதைப் பற்றித்தான் கடந்த நான்கு மாதமாக வீட்டிலேயே அவதூறு கிளம்பியிருந்தது. கிளப்பியவர் மனைவி. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர். எதையும் அழுத்திப் பார்க்காமல் நம்பாதவர். கூப்பிட்டால் இவர் திரும்புவதில்லை, டிவியில் வானிலை அறிக்கை வைத்தால் அடுத்த தெருவுக்கே குடை தேவையா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது, குக்கர் ஏழு விசில் அடித்தும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று குற்றப்பத்திரிகை நீண்டது. கடைசியில் ஒரு காது மருத்துவரின் சீட்டை வாங்கிவந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியும் விட்டார்.

“இன்ஜின் சத்தம் கேக்குதில்ல? அப்போ காது நல்லா இருக்குன்னு அர்த்தம். உன் சத்தம் கேக்கலைன்னா அது வேற விவகாரம்.”

“அது என்ன விவகாரம்னு டாக்டரே சொல்லட்டும்.”

மெக்கானிக்கின் உள்பயம் வேறு. காதுக்குள் கருவி மாட்டிக்கொண்டு நிற்பவனிடம் எந்த ஓட்டுநர் வந்து இன்ஜினைக் காட்டுவான்? பணிமனையில் உதிரிபாகக் கிடங்கின் ஜன்னலுக்குப் பின்னால், நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறவருக்கான நாற்காலி ஒன்று சில மாதங்களாகக் காலியாகக் கிடந்தது. மனைவி கூப்பிடுவது கேட்கிறதோ இல்லையோ, அந்த நாற்காலியின் கிறீச் சத்தம் மட்டும் அவருக்கு வீட்டில் இருக்கும்போதும் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் இலையுதிர் காலம் வந்தது. கொல்லைப்புறத்துத் தக்காளிச் செடிகளும் இரண்டு பேரி மரங்களும் வருடமெல்லாம் ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருந்துவிட்டு, ஒரே வாரத்தில் சொல்லிவைத்தாற்போல் பழுத்துத் தள்ளின. வருடா வருடம் இந்த வாரத்தில்தான் மகளும் மாப்பிள்ளையும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருவார்கள். எல்லோருமாகக் காய்ச்சி, அரைத்து, பாட்டிலில் அடைத்து, குளிர்காலத்துக்கு வேண்டியதை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் கூடவே எட்டு மாதப் பேத்தியும் வந்தாள். உருவத்தை உத்தேசித்து அவளைக் கடுகு என்று கூப்பிட்டார்கள்.

கடுகுக்குப் பாலைத் தவிர வேறு உணவு கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். கேரட்டை மாப்பிள்ளையின் சட்டையிலும், உருளைக்கிழங்கைத் திரைச்சீலையிலும் துப்பினாள். துப்பாமல் விழுங்கியது பேரிக்காய்க் கூழ் ஒன்றைத்தான். ஆகவே பன்னிரண்டு சின்ன பாட்டில் கூழ் அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெரியவர்களுக்கு இருபத்தெட்டு பாட்டில் தக்காளிச் சாறு. மொத்தம் நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சமையலறை ஷெட்டாக மாறிவிட்டது. அடுப்பின் நாலு பர்னரிலும் நாலு அண்டா. ஜன்னல் கண்ணாடியில் ஆவி வழிந்து, வெளியே மரம் நிற்கிறதா ஆள் நிற்கிறதா என்றே தெரியவில்லை. மனைவி தக்காளி கிண்டினார். மகள் பேரிக்காயைத் தோல் சீவி, வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து மசித்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, கொதிநீரில் கிடந்த பாட்டில்களை இடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தது மிகச் சுலபமான வேலை. சூடான கூழை ஊற்றியதும் பாட்டிலின் வாய் விளிம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விளிம்பில் ஒரு பொட்டுக் கூழ் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாகப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் உள்ளே காற்று போகும், காற்று போனால் கெட்டுப்போகும். இதைச் செய்ய ஒரு கை போதும், வாய் தேவையில்லை. ஆனால் மெக்கானிக் வாயையும் சேர்த்துத்தான் வேலைக்கு எடுத்துவந்திருந்தார்.

“மாப்பிள்ளை, இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பாட்டில் ஆற ஆற மூடி உள்ளே இழுத்துக்கும். அப்போ ஒரு சத்தம் வரும் பாருங்க, டொக்னு! அது வந்துட்டா கதை முடிஞ்சுது. பத்து வருஷம் கிடந்தாலும் கெடாது.”

“சரிங்க மாமா.”

“தக்காளி பாட்டில் டொக் வேற, பேரிக்காய் டொக் வேற. தக்காளி கொஞ்சம் கனமாச் சொல்லும். பேரிக்காய் வெக்கப்படும்.”

“அப்பா, துடைங்கப்பா,” என்றாள் மகள்.

“துடைச்சுக்கிட்டேதானே இருக்கேன்!”

அவர் கை துடைத்துக்கொண்டுதான் இருந்தது. பேரிக்காய் வெட்கப்படும் விதத்தை நடித்துக் காட்டிய அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் அது காற்றைத் துடைத்தது. மூடி போட்ட பாட்டில்கள் அண்டாவுக்குள் இறங்கிக் கொதித்து, வெளியே வந்து, மேடையில் விரித்த துண்டின் மேல் நாலு வரிசையாக நின்றன.

பிரச்சினை இங்கேதான் வெடித்தது. வழக்கமாக மறுநாள் காலையில் மனைவி வந்து ஒவ்வொரு மூடியின் நடுவிலும் கட்டைவிரலால் அழுத்துவார். அசையாமல் இருந்தால் தேர்ச்சி. அழுத்தும்போது உள்ளே போய் வெளியே வந்தால் தோல்வி. ஒன்பது வருடமாக மெக்கானிக் டொக்குகளை எண்ணி முடித்த பிறகு இந்த மறுபரிசோதனை நடந்துவருகிறது. ஒன்பது வருடமும் அவர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

“இந்த வருஷம் யாரும் மூடியைத் தொடக் கூடாது. நான் எண்ணினா எண்ணினதுதான்,” என்றார்.

“தபாலாபீஸ்ல அமைச்சர் கடுதாசியா இருந்தாலும் முத்திரை விழுந்திருக்கான்னு நான் பார்ப்பேன். நீங்க என்ன அவருக்கும் மேலயா?”

“சரி, வச்சுக்கோ பந்தயம். நான் எண்ணின நாப்பதுல ஒண்ணே ஒண்ணு பிடிக்காமப் போயிருந்தாக்கூட, மறுபேச்சுப் பேசாம அந்தக் காது டாக்டர்கிட்டப் போறேன். எல்லாம் பிடிச்சிருந்தா அந்தச் சீட்டைக் கிழிச்சுடணும். அப்புறம் காதைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

“அழுத்திப் பார்க்கலைன்னா பிடிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“குளிர்காலத்துல திறக்கிறப்போ தெரியுமில்ல? மேல பூஞ்சை இருந்தா நான் தோத்தேன்.”

“குழந்தை வாய்க்குப் போற பொருள்ங்க.”

“அதனாலதான் நானே எண்றேன்!”

மனைவி மகளைப் பார்த்தார், மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பந்தம் நிறைவேறியது.

எண்ணும் பணிக்குப் பரிபூரண அமைதி வேண்டும் என்று மெக்கானிக் எல்லோரையும் சமையலறையிலிருந்து வெளியேற்றினார். மனைவி முணுமுணுப்பார், வெளியே. மகள் போன் பேசுவாள், வெளியே. மாப்பிள்ளை தும்முவார், வெளியே. அந்த வீட்டிலேயே பேசத் தெரியாத ஒரே நபர் கடுகு என்பதால் அவளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அடுப்புக்கு எட்டாத மூலையில் அவளுடைய உயர நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துவிட்டு, மெக்கானிக் அவளுக்கு முதுகைக் காட்டியபடி பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்.

“ஒண்ணு,” என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

டொக். டொக். சற்று இடைவெளி விட்டு, டொக். நாலு. நன்றாகத்தான் கேட்டது. இந்தக் காதையா பழுது என்றார்கள்! ஒன்பது, பத்து, பதினொன்று. பேரிக்காய்கள் இந்த வருடம் எதிர்பார்த்த அளவுக்கு வெட்கப்படவில்லை, கொஞ்சம் துணிச்சலாகவே சத்தம் போட்டன என்பதையும் அவர் கவனித்துக்கொண்டார். மற்ற வருடங்களில் நாற்பது டொக் முடிய ஒன்றரை மணி நேரமாகும். இந்த வருடம் இருபத்தைந்தே நிமிடத்தில் நாற்பதாவது கோடு விழுந்தது. மெக்கானிக் அதோடு எழுந்துவிட்டார். நாற்பது பாட்டிலுக்கு நாற்பது டொக். அதற்கு மேல் காது கொடுத்துக் கேட்க அங்கே என்ன இருக்கிறது?

“சரித்திரத்துலயே முதல் தடவை!” என்று கூடத்தில் வந்து அறிவித்தார். “இருபத்தஞ்சு நிமிஷம்! மாப்பிள்ளை, இதெல்லாம் நான் மூடி போட்ட விதத்துல இருக்கு.”

“மூடி போட்டது நான்தான் மாமா,” என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

அது அவருக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை. வீட்டில் எல்லோரும் விடுப்பில். மகளும் மாப்பிள்ளையும் மூட்டை முடிச்சுகளைக் காருக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி வாசலில் நின்று எது முதலில், எது மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் கடைசி மரப்பெட்டி. அதற்குள் வைக்கோலுக்கு நடுவில் கடுகின் பன்னிரண்டு பாட்டில்கள். கடுகும் அவளுடைய உயர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெக்கானிக்கிடம். அவர் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து கிழித்தால் சீட்டு அழகாகக் கிழியும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

டொக்.

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றார். பாட்டில்கள் ஆறிப் பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது. இது என்ன நாற்பத்தொன்றாவது?

டொக்.

திரும்பினார். கடுகு அவரைப் பார்த்தபடி வாயை லேசாகத் திறந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, சட்டென்று விட்டாள்.

டொக்.

பிறகு கீழ்வரிசையில் புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களும் தெரியச் சிரித்தாள். வேலையைச் சரியாகச் செய்தவரின் சிரிப்பு.

முப்பத்தோரு வருட அனுபவம் உள்ள மூளை கணக்கைப் போட்டு முடிக்க மூன்று வினாடி எடுத்துக்கொண்டது. நாற்பதில் எத்தனை பாட்டிலுடையது, எத்தனை பேத்தியுடையது? மெக்கானிக் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. வைக்கோலை விலக்கி, வாழ்க்கையில் முதன்முறையாக, கட்டைவிரலை ஒரு மூடியின் நடுவில் வைத்து அழுத்தினார். கல். இரண்டாவதும் கல். எட்டு வரைக்கும் கல்தான். அவருக்கு மூச்சு வந்தது. ஒன்பதாவது மூடி அவர் விரலுக்குக் கீழே இடுப்பை வளைத்து உள்ளே போய், விரலை எடுத்ததும் வெளியே வந்தது. பதினொன்றும் அப்படியே. பன்னிரண்டும்.

“மாமா, அந்தப் பெட்டியை எடுத்துக்கலாமா?” வாசலிலிருந்து மாப்பிள்ளையின் குரல். கொஞ்சம் உரக்கவே.

“வர்றேன், வர்றேன்!”

பெட்டியைக் கை தவறிக் கீழே போட்டுவிடலாம் என்பது முதலில் வந்த யோசனை. ஆனால் பன்னிரண்டில் அந்த மூன்று மட்டும் உடையும்படி கை தவறுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டும். மூன்றையும் எடுத்து ஒளித்துவைக்கலாம். மகள் அதே காலையில் இரண்டு தடவை எண்ணியிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடலாம். திறக்கும்போது கெட்டிருந்தால் தெரியாமலா போகும்? தெரியும், பெரும்பாலும். மகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காலைகளைத் தவிர. அவள் எட்டு மாதமாகத் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தாள்.

காரணம் சொல்லலாமே என்றால், அதுவும் இடித்தது. “குழந்தை நாக்கால சத்தம் போட்டுச்சு, நான் மூடின்னு எண்ணிட்டேன்” என்று சொன்னால் ஷெட் வரைக்கும் செய்தி போய்விடும். “காது சரியாக் கேக்கலை” என்று சொன்னால் கிடங்கு நாற்காலி. ஒரு பக்கம் அவமானம், இன்னொரு பக்கம் கிறீச்.

கடுகு கையை நீட்டி மரப்பெட்டியைக் காட்டினாள். உள்ளே இருப்பது தனக்குரியது என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை டொக் வரவில்லை. திறந்தபடியே வைத்துக்கொண்டாள், கரண்டி வரும் என்று.

மெக்கானிக் வாசலுக்குப் போனார்.

“ஏம்மா,” என்றார் மனைவியிடம். “உன் கட்டைவிரலைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வா.”

மனைவி வந்தார். பன்னிரண்டையும் அழுத்தினார். மூன்றைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு தன் வீட்டுப் பங்குத் தக்காளி, கார் டிக்கியில் இருந்த தக்காளி என்று இருபத்தெட்டையும் அழுத்திவிட்டு வந்தார், அவை தேறின. அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய தண்டனை முறைகளில் அதுதான் மிகக் கடுமையானது.

“மூடி கம்பெனிக்காரன் மேல தப்பா இருக்கும் மாமா,” என்றார் மாப்பிள்ளை, கருணையோடு. “இல்லைன்னா நான் இறுக்கினது சரியில்லையோ என்னவோ.”

பொன்னான வாய்ப்பு. மெக்கானிக் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார்.

“நீங்க சரியாத்தான் போட்டீங்க. நான் விளிம்பைத் துடைக்கலை. எண்ணினதும் தப்பு.”

“எண்ணினது எப்படிப்பா தப்பாகும்?” என்றாள் மகள்.

“தப்பாயிடுச்சும்மா.”

அவர் கடுகின் பக்கம் பார்க்கவேயில்லை. ரகசியம் அவர்கள் இருவரோடும் நின்றது. அதில் ஒருவருக்கு இன்னும் பேச வராது என்பது ஒரு வசதி.

மூன்று பாட்டில் கூழும் கொல்லையில் எருக்குழிக்குப் போனது. சூடு பண்ணிப் பார்க்கலாமே என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். “குழந்தைக்குக் கொடுக்கிறதுல சந்தேகம் இருக்கக் கூடாது, கொட்டுங்க” என்று மனைவி முத்திரை குத்திவிட்டார். கூடையில் மிச்சமிருந்த பேரிக்காய்களை மகள் மறுபடி சீவ உட்கார்ந்தாள். பயணம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. இந்த முறை மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு விளிம்பைத் துடைத்தார். ஒரே பாட்டிலை இரண்டு தரம், மூன்று தரம். கண்ணாடி தேய்ந்துவிடும் என்று மகள் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

புதிய பாட்டில்கள் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தபோது அவர் பிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டை எடுத்தார். கிழியாமல், காந்தத்தைப் பக்குவமாக நகர்த்தி. போனோடு கொல்லைப்புறம் போனார். பேரி மரத்தடியில் நின்று அவர் பேசியது உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது. அவர் பேசினால் எப்போதும் அப்படித்தான்.

“ஆமா, எனக்குத்தான். வயசு அம்பத்தாறு. எந்தக் காதா? அதை நீங்கதான் சொல்லணும்… என்னது? நாளைக்கு எத்தனை மணிக்கு? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கம்மா, இங்க காத்து அடிக்குது.”

மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. ஜன்னலருகே நின்ற மனைவி இதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அடுப்பை அணைக்கப் போனார்.

பதினொரு மணிக்கு மூன்று பாட்டில்களும் துண்டின் மேல் வந்து நின்றன. இந்தத் தடவை யாரும் வெளியேற்றப்படவில்லை. மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூடிகளையே பார்த்தார். கடுகு மகளின் இடுப்பில் இருந்தாள். சமையலறையில் குழாய் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

டொக்.

“ஒண்ணு!” என்றார் மாப்பிள்ளை. மகளும் மனைவியும் பாட்டில்களைக் குனிந்து பார்த்தார்கள்.

மெக்கானிக் பாட்டில்கள் பக்கமே திரும்பவில்லை. அவர் குனிந்து பார்த்தது கடுகின் வாயை. சற்று நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இல்ல மாப்பிள்ளை,” என்றார். “இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆறட்டும். அப்புறம் அத்தை வந்து அழுத்திப் பார்க்கட்டும்.”